வன்னியில் பிள்ளைப்பேறும் ஆஸ்பத்திரிக் காசும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வட இலங்கையில், வன்னியில் குடும்பநல உத்தியோகத்தராக இருபத்தேழு வருடம் வேலை செய்தவள் நான். சனத்துக்கு மிட்வைப் மிஸ். அரச ஊழியரின் ஓய்வு வயதை 65இலிருந்து திரும்ப 60 ஆக்கினார்கள் அல்லவா, அந்த 2022 டிசம்பர் 31ஆந் திகதி நானும் வீட்டுக்கு வந்தேன். வேலை நின்றது, கேள்வி நிற்கவில்லை. சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கும்போதும் கேட்கிறார்கள், பஸ்ஸில் பக்கத்துச் சீற்றில் இருந்தும் கேட்கிறார்கள். எல்லாம் கிட்டத்தட்ட ஒரே கேள்விகள். அவற்றைக் கேட்டவர்களின் வாய்ப்பேச்சிலேயே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே போட்டிருக்கிறேன்.

"கிளினிக்கும் பிரசவமும் இலவசம்தானே மிஸ், பிறகென்ன காசுக் கதை?"

உங்கள் கையில் வாங்குவதில்லை, அவ்வளவுதான். அரச ஆஸ்பத்திரியில் கட்டணம் எடுபட்டது 1951இல். ஆனால் ஒரு சுகப்பிரசவத்துக்கே கையுறை, ஊசி, தையல்நூல், தொப்புள்கொடிக்கு ஒரு கிளிப், இரவு முழுக்க முழித்திருக்க இரண்டு பேர், கருவி அவிக்கக் கரண்ட், அவசரமென்றால் அம்புலன்ஸுக்கு டீசல் என்று போகும். அதெல்லாம் வரிக்காசு. சவர்க்காரத்துக்கும் ஃபோன் கார்டுக்கும் சேர்த்துக் கட்டுகிற பெறுமதி சேர் வரி 2024 ஜனவரியிலிருந்து 18 வீதம். பாலியாற்றங்கரையில் கூலிக்குப் போகிற பிள்ளையும் அதைக் கட்டுகிறாள். சும்மா தருகிறார்கள் என்று கூசிக்கொண்டு வரிசையில் நிற்கத் தேவையில்லை.

"எங்கட ஆஸ்பத்திரிக்கு காசு தாறது ஆர்? கொழும்போ, மாகாணமோ?"

இரண்டும். அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்துக்குப் பிறகு சுகாதாரத்தில் ஒரு பங்கு மாகாணத்துக்கு வந்தது. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை மத்திய அமைச்சின் கீழ். வவுனியா, மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டப் பொது வைத்தியசாலைகளும், மல்லாவி, புதுக்குடியிருப்பு, செட்டிகுளம் போன்ற ஆதார வைத்தியசாலைகளும் மாகாணத்தின் கீழ். வடக்கு மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தபிறகு ஆளுநர்தான் நடத்திவந்தார்.

இதில் ஒரு சிக்கல். கட்டடம் மாகாணத்தின் பொறுப்பு. டொக்டரை நியமிப்பதும் இடம்மாற்றுவதும் கொழும்பு. மருந்தும் கொழும்பிலுள்ள மருத்துவ விநியோகப் பிரிவிலிருந்துதான் பெரும்பாலும் வருகிறது. அதனால் ஒரு குறையைச் சொல்லப் போனால் ஒருவர் மற்றவரின் பக்கம் கையைக் காட்டுவார். இரண்டு பேர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கும், அதுதான் எரிச்சல்.

"பேப்பரில ஒதுக்கீடு கூடியிருக்கெண்டு போடுறாங்கள். நீங்கள் குறைப்பு எண்டுறியள். எது சரி?"

இரண்டும் சரி. 2025 பாதீட்டில் சுகாதாரத்துக்கு 604 பில்லியன் ரூபாய் சொன்னார்கள். பழைய வருடங்களோடு வைத்துப் பார்த்தால் பெரிய தொகைதான். ஆனால் 2022 தொடக்கத்தில் டொலர் 200 ரூபாய், சில மாதத்தில் 360. அந்த வருடம் செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது. நாட்டுக்கு வேண்டிய மருந்தில் பெரும்பகுதி வெளியிலிருந்து வருவது. அதே காசைக் கொண்டுபோனால் கூடை பாதிதான் நிரம்பும். குடும்பம் நடத்துகிற பெண்ணுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

அப்புறம் 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தோடு ஏறத்தாழ 3 பில்லியன் டொலருக்கு உடன்பாடு வந்தது. கடன் வட்டியைத் தள்ளிப் பார்த்தால் அரசின் வரவு செலவை விட மொத்த உற்பத்தியில் 2.3 வீதம் கூட நிற்க வேண்டும் என்பது 2025இலிருந்து இலக்கு. இலக்கை எட்ட வரியைக் கூட்டினார்கள், செலவில் கையை இறுக்கினார்கள். பிரசவ வோட்டை மூடு என்று எவரும் கையெழுத்து வைத்ததில்லை. புது ஆள் எடுப்பதை நிறுத்தினார்கள், ஓய்வுபெற்றவரின் கதிரையை வெறுமையாக விட்டார்கள், மேலதிக நேரக் காசில் கைவைத்தார்கள். என் கதிரையும் அப்படித்தான் ஆனது. பக்கத்துப் பிரிவு மிஸ்தான் இப்போது என் பிரிவையும் 'கவர்' பண்ணுகிறார்.

"பிரசவ வோட்டில முதல்ல குறையிறது என்ன? மருந்தோ?"

மருந்து இல்லாவிட்டால் உடனே சத்தம் வரும், பேப்பரில் வரும். முதலில் சத்தமில்லாமல் குறைவது ஆள். அதிலும் இரவு ஆள், சனி ஞாயிறு ஆள்.

வயிற்றைக் கீறிப் பிள்ளை எடுக்கிற ஒரு சீசருக்கு எத்தனை பேர் வேண்டும் என்று விரலை மடித்துப் பாருங்கள். மகப்பேற்று நிபுணர், அவருக்கு உதவி டொக்டர், மயக்க மருந்து கொடுப்பவர், தியேட்டர் தாதி, பிள்ளையை வாங்க ஒருவர், இரத்தம் எடுத்துத் தர இரத்த வங்கியில் ஒருவர், தள்ளுவண்டி தள்ள ஒருவர். இதில் ஆறு பேர் இருந்து மயக்க மருந்துக்காரர் மட்டும் லீவில் என்றால் மற்ற ஆறு பேரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். கொழும்பில் ஒருவர் லீவு போட்டால் இன்னொருவர் வருவார். வன்னியில் அந்த இன்னொருவர் பெரும்பாலும் இல்லை. 2022 நடுப்பகுதியில் அரச ஊழியர் ஐந்து வருடம் சம்பளமில்லா லீவில் வெளிநாடு போகலாம் என்று சுற்றறிக்கை விட்டார்கள். டொலர் வரும் என்ற கணக்கு. டொக்டர்மாரும் தாதிமாரும் கூட்டமாகப் போனார்கள். ஒருவர் போனதும் ஆட்டம் காண்பது ஒருவரே இருந்த இடம்தானே.

2025 பாதீட்டில் அடிப்படைச் சம்பளத்தைக் கூட்டி, மேலதிக நேரத்துக்கான கணக்கை மாற்றினார்கள். மார்ச்சில் தாதியர் தெருவில் இறங்கினார்கள். 'சம்பளம் கூட்டினதுக்கும் போராட்டமோ' என்று என்னிடமே கேட்டவர்கள் உண்டு. வன்னி ஆஸ்பத்திரிகளில் இரவு ஓடுவதே மேலதிக நேரத்தில்தான். இரண்டு பேர் செய்ய வேண்டியதை ஒருவர் இரட்டை முறை நின்று செய்கிறார். அந்தக் காசு சுருங்கினால் அந்த இரவுக்கு ஆள் பிடிக்க முடியாது.

"கிட்ட இருக்கிற ஆஸ்பத்திரியிலயும் லேபர் ரூம் இருக்கு. ஏன் அங்க பெற விடுறாங்கள் இல்லை?"

பிரசவ அறைக் கட்டில் இருப்பது வேறு, ஏதும் பிழைத்தால் கையாளக்கூடிய இடம் வேறு. சத்திரசிகிச்சையும் இரத்தமும் 24 மணித்தியாலமும் இருந்தால்தான் முழு அவசர மகப்பேற்றுச் சேவை என்று கணக்கு. முதல் பிள்ளை, முன்பு சீசர், பிறெசர், இரட்டை, சலரோகம், கடுமையான இரத்தச்சோகை என்றால் அப்படிப்பட்ட இடத்துக்குத்தான் எழுதுவார்கள். அது மருத்துவத்தில் சரியான முடிவு.

எனக்கு மனம் ஒப்பாதது வேறொன்று. மேலே சொன்ன ஆள் குறைவால், எழுத்தில் முழுச்சேவை உள்ள ஆஸ்பத்திரி கிழமையில் சில நாள் மட்டும் அப்படி இருக்கும். போர்டு மாறாது. ஆகவே கிளினிக்கில் 'எங்கே பெறுவது' என்று மட்டும் கேட்காதீர்கள். 'வெள்ளி இரவு வலி வந்தால் எங்கே போவது' என்று கேளுங்கள். 34 கிழமைக்குள் பதில் கிளினிக் கொப்பியில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

"துண்டு எழுதித் தந்து வெளியில வாங்கச் சொல்லினம். கேள்வி கேக்கலாமோ?"

தாராளமாக. 'இது ஆஸ்பத்திரியில் இல்லையா, இல்லாவிட்டால் இன்றைக்கே தேவையா, மாற்று உண்டா' என்று மூன்று கேள்வி கேட்கலாம். இரத்தச் சீனிப் பரிசோதனைக்கு 75 கிராம் குளுக்கோஸ் வாங்கச் சொன்னால் வாங்குங்கள், அதில் பேரம் பேசி அந்தக் கிளினிக்கைத் தவறவிடாதீர்கள். விற்றமின், கல்சியம் பெயரில் நீளத் துண்டு வந்தால் எதை விடலாம் என்று கேளுங்கள். உயிர் காக்கும் மருந்து, உதாரணமாக வலிப்புக்குப் போடும் மக்னீசியம் சல்பேற், பேற்றுக்குப் பின் கர்ப்பப்பை சுருங்கப் போடும் ஒக்சிற்றோசின், இவை வெளியே வாங்க வேண்டிய சாமான் இல்லை. அப்படிச் சொன்னால் வோட் பொறுப்பாளரிடம் போங்கள்.

இரத்த வகை நெகற்றிவ் உள்ள தாய்மாருக்குத் தனியாக ஒரு சொல்: பிள்ளை பொசிற்றிவ் என்றால் 72 மணித்தியாலத்துக்குள் அன்ரி-டி ஊசி போட வேண்டும். விலை கூடியது, தட்டுப்பாடு வந்தால் முதலில் தீர்வதில் ஒன்று. ஏழாம் மாதத்திலேயே 'எனக்கு இருக்கா' என்று கேட்டு வையுங்கள்.

"2022இல பட்ட பாடு இப்பவும் இருக்கோ?"

அந்த அளவுக்கு இல்லை. அந்த வருடம் பச்சிளம் பிள்ளையின் மூச்சுக்குழலில் வைக்கும் குழாய் தீரப்போகிறது என்று கொழும்பு டொக்டர்மாரே உதவி கேட்டு எழுதினார்கள். அப்போது நாட்டில் ஏறத்தாழ 215,000 கர்ப்பிணிகள் என்று ஐ.நா. சனத்தொகை நிதியம் கணக்குச் சொல்லி, 10.7 மில்லியன் டொலர் கேட்டது. இந்தியக் கடனில் மருந்து வந்தது, புலம்பெயர் ஆட்கள் பெட்டி பெட்டியாக அனுப்பினார்கள். இன்றைக்கு மருந்து அலுமாரி அந்த நேரத்தைவிட நல்லம். போன ஆட்கள்தான் திரும்பவில்லை. ஒரு மகப்பேற்று நிபுணரை உருவாக்கப் பத்துப் பதினைந்து வருடம் எடுக்கும், கப்பலில் இறக்க முடியாது.

இன்னொரு பக்கத்தால் இடித்தது 2025இல். அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தியது, சனத்தொகை நிதியத்துக்குக் கொடுத்ததையும் நிறுத்தியது. அரசு தராததைத் தொண்டு நிறுவனம் தரும் என்று வன்னியில் போருக்குப் பிறகு ஒரு பழக்கம் இருந்தது. அந்தப் பழக்கத்தை விட வேண்டியிருக்கிறது.

"முந்தி மிட்வைப் மிஸ் வீட்டை வருவா. இப்ப காணவே கிடைக்குதில்லை, சோம்பலோ?"

இதற்குக் கொஞ்சம் கோபத்தோடுதான் பதில் சொல்வேன். ஏறத்தாழ 3,000 பேருக்கு ஒரு மிட்வைப் என்பது நாட்டின் கணக்கு. கொழும்பு மாடிவீட்டில் 3,000 பேர் ஒரே தெருவில் இருப்பார்கள். வன்னியில் 3,000 பேர் என்றால் மூன்று குளம், இரண்டு காட்டுத்துண்டு, மாரியில் பாலத்துக்கு மேலால் போகிற வெள்ளம். இதில் பக்கத்துப் பிரிவும் சேர்ந்தால் என்ன செய்வாள்?

2022 ஓகஸ்டில் பெற்றோலைப் பங்கிட்டுக் கொடுக்கக் கியூ.ஆர். முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். நான் ஒரு கொப்பியில் கணக்குப் போட்டேன். திங்கள் கிளினிக், செவ்வாய் தடுப்பூசி, பிறகு மிச்சமிருப்பது இரண்டு லீற்றர் சொச்சம். அதில் எந்த வீட்டுக்குப் போவது? பிறெசர் உள்ள கர்ப்பிணிப் பிள்ளை ஒருத்தி, பேறு முடிந்து ஐந்து நாளான தாய் ஒருத்தி. இரண்டும் எதிரெதிர்த் திசை. பிறெசர்ப் பிள்ளையிடம் போனேன். மற்ற வீட்டுக்குப் போகவில்லை. ஒன்றும் ஆகவில்லை என்பது என் கெட்டித்தனமில்லை, அதிர்ஷ்டம்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் போர், வன்னிக்கு மருந்துத் தடை. சிறுநீரில் புரதம் பார்க்கக் கீலம் (ஸ்ட்ரிப்) இல்லை. சோதனைக்குழாயில் சிறுநீரை எடுத்து ஸ்பிரிட் விளக்கில் காட்டுவோம், மேல்பாதி வெள்ளையாகத் திரண்டால் ஒரு சொட்டு அசற்றிக் அமிலம் விடுவோம். கரையாமல் நின்றால் புரதம். ஒரு தாய்க்கு ஐந்து நிமிடம் போகும், விளக்கு மணம் உடுப்பில் ஒட்டும். 2022இல் கீலம் தட்டுப்பட்டபோது அந்த விளக்கைத் தூசி தட்டி எடுத்தேன். இளம் மிஸ்மாருக்கு அதைப் பார்த்துச் சிரிப்பு. பிறகு அவர்களே பழகினார்கள்.

"திரிபோஷா வரேல்லை. இரும்புக் குளிசையும் சில நேரம் இல்லை. என்ன செய்யிறது?"

திரிபோஷா சோளமும் சோயாவும் சேர்ந்த மா, 2022இல் அது நீண்ட காலம் வரவில்லை, பிறகும் இடையிடையே தடங்கல். அதை நம்பி இருக்காமல் முருங்கையிலை, கௌபி, பயறு, நெத்தலி, முட்டை என்று பாருங்கள். இரும்புக் குளிசையோடு தேத்தண்ணி குடிக்க வேண்டாம், தேசிக்காய்த் தண்ணீர் நல்லம். குளிசை இல்லையென்றால் துண்டுக்குக் காத்திராமல் ஃபார்மசியில் வாங்குங்கள், இது விலை குறைந்தது.

கர்ப்பிணிகளுக்கான போசாக்குக் கொடுப்பனவு 2015இல் மாதம் 2,000 ரூபாய்ப்படி பத்து மாதத்துக்குத் தொடங்கியது, பிறகு கூட்டினார்கள். பதிவு பிந்தினால் வராது. பதிவுக்கு மிஸ் வீடு தேடி வரும்வரை இருக்காதீர்கள், ஏன் என்பது மேலே உள்ள பதிலில் இருக்கிறது.

"ராவில வலி வந்தா 1990 வருமோ?"

வரும். 1990 என்ற நம்பருக்கு அடித்தால் வருகிற சுவசெரிய அம்புலன்ஸ் இந்திய உதவியோடு 2016இல் தெற்கிலும் மேற்கிலும் தொடங்கி 2018 ஜூலையில் வடக்குக்கு வந்தது. அதற்கு முன் இரவில் உழவு மெஷினில் ஏற்றிக்கொண்டு போனதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் சிக்னல் இல்லாத கிராமங்கள் இன்னும் உண்டு. வீட்டில் எந்த மூலையில் சிக்னல் பிடிக்கும் என்று பகலிலேயே பார்த்து வையுங்கள். ஓட்டோக்காரர் இரண்டு பேரின் நம்பரும் வேண்டும். குளக்கட்டுப் பாதையில் யானை நிற்கும் காலம் என்றால் வலி சாடையாகத் தொடங்கும்போதே வெளிக்கிடுங்கள், மாமியார் 'இன்னும் நேரமிருக்கு' என்று சொன்னாலும்.

"மேல அனுப்பினம் எண்டா பயங்கரம் எண்டு அர்த்தமோ?"

எப்போதும் இல்லை. சில நேரம் உங்கள் உடம்பில் பிழையே இருக்காது, அந்த இரவில் ஆள் இல்லை, அவ்வளவுதான். ஆனால் வழி என்பது தனி ஆபத்து. தாய்மரணம் பற்றி உலகம் முழுக்கச் சொல்லும் மூன்று தாமதங்கள் உண்டு: போவோம் என்று முடிவெடுக்கப் பிந்துவது, போய்ச் சேரப் பிந்துவது, சேர்ந்த இடத்தில் சிகிச்சை கிடைக்கப் பிந்துவது. முதலாவதை நாங்கள் மிட்வைப்மார் வீடு வீடாகப் போய்க் குறைத்தோம். காசு குறைந்தால் மூன்றாவது கூடுகிறது. மூன்றாவது கூடினால் உங்களை அம்புலன்ஸில் ஏற்றுவார்கள், இரண்டாவதும் கூடுகிறது. கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணம் ஏறத்தாழ 65 கிலோமீற்றர். முல்லைத்தீவுக் கரையிலிருந்து என்றால் 100க்கும் மேல்.

ஒன்று சொல்கிறேன், ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். இரண்டாவது பிள்ளை, சுகப்பிரசவம், நச்சுக்கொடியும் வந்துவிட்டது, பிறகு இரத்தம் நிற்கவில்லை. ஒக்சிற்றோசின் போட்டார்கள், கேட்கவில்லை. தியேட்டருக்குக் கொண்டுபோக வேண்டும், மயக்க மருந்து டொக்டர் லீவில், பதிலுக்கு ஆள் வரவில்லை. அம்புலன்ஸில் ஏற்றினார்கள். அவளை வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு போனது நான், ஆகவே நானும் ஏறினேன். வழி முழுக்க என் கை அவளின் அடிவயிற்றில். கர்ப்பப்பை கல்லுப் போல இருக்க வேண்டும், கை எடுத்தால் பிசைந்த மா மாதிரித் தளரும், திரும்பவும் பிசைந்தால் இறுகும். நடுக்காட்டில் யானை ஒன்று தார் ரோட்டில் குறுக்கே நின்றது. டிரைவர் லைட்டை அணைத்துவிட்டு இருந்தார். நாலைந்து நிமிடம் இருக்கும். அவள் 'மிஸ், பிள்ளைக்குப் பால் குடுத்தாச்சோ' என்று கேட்டாள். நான் ஓம் என்று பொய் சொன்னேன். தப்பிவிட்டாள். எனக்கு இரண்டு நாள் கை தூக்க முடியவில்லை. பேற்றுக்குப் பின் வரும் பெருக்கில் இரண்டு மணித்தியாலத்துக்குள் உயிர் போகலாம், அதுதான் கணக்கு.

"உங்கட கதை கேட்டா வீட்டிலயே பெறலாம் போல கிடக்கு. எங்கட அம்மம்மா பதினொரு பிள்ளை பெத்தவ"

அம்மம்மாவிடம் எத்தனை தங்கியது என்றும் கேளுங்கள். இந்த நாட்டில் 1930களில் ஒரு இலட்சம் பிறப்புக்கு 2,000க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். இப்போது 30 அளவில். அந்த இறக்கம் மிட்வைப், ஆஸ்பத்திரி, இரத்த வங்கி, அம்புலன்ஸ் எல்லாம் சேர்ந்து கொண்டுவந்தது. மேலே சொன்ன பெண் வீட்டில் பெற்றிருந்தால் அம்புலன்ஸுக்கே வந்திருக்க மாட்டாள். போர்க்காலத்தில் பங்கருக்குள் பிள்ளை பெற்றவர்கள் இங்கே இருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தியும் தன் மகளை அப்படிப் பெறச் சொல்லி நான் கேட்டதில்லை.

"பிரைவேட்டில செய்தா இந்தக் கரைச்சல் இல்லைத்தானே?"

வன்னியில் பிரைவேட் என்றால் பெரும்பாலும் ஸ்கான், ஆலோசனை. பார்ப்பவரும் பல நேரம் அரச ஆஸ்பத்திரி டொக்டர்தான், நாலு மணிக்குப் பிறகு. யாழ்ப்பாணத்தில் அறை எடுத்துப் பெறுபவர்கள் உண்டு, காசுள்ளவர்கள் செய்யலாம், குற்றமில்லை. ஆனால் பிள்ளை குறைமாதத்தில் பிறந்து மூச்சுத் திணறினாலோ, தாய்க்கு நிறைய இரத்தம் தேவைப்பட்டாலோ கடைசியில் அரச ஆஸ்பத்திரிக்குத்தான் வருவார்கள்.

"சீசர் கூடுறதுக்கும் ஆள் குறைவுக்கும் தொடர்பிருக்கோ?"

என் எண்ணத்தில் கொஞ்சம் உண்டு. வியாழன் பகலில் எல்லோரும் இருக்கிறார்கள், ஞாயிறு இரவு இருப்பார்களா தெரியாது. பயமுள்ள டொக்டர் வியாழனே செய்துவிடலாம் என்று நினைப்பார். அவரைக் குறை சொல்லவும் மாட்டேன். காரணம் என்ன என்று நீங்கள் கேட்கலாம், அடுத்த பிள்ளைக்கு அது முக்கியம்.

"கிளிநொச்சியில அவ்வளவு பெரிய கட்டடம் வந்ததே. அது காணாதோ?"

2024 மேயில் நெதர்லாந்து உதவியோடு கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலையில் பெண்களுக்கும் மகப்பேற்றுக்குமான சிறப்பு நிலையம் திறந்தார்கள். நல்ல கட்டடம், நல்ல உபகரணம், வடக்குக்கு வேண்டியது. ஆனால் அரசுக் கணக்கில் இரண்டு பெட்டி: மூலதனச் செலவு, மீண்டெழும் செலவு. கட்டடம் முதல் பெட்டி, வெளிநாடு விரும்பித் தரும், நாடா வெட்டலாம். அதற்குள் நிற்கிற தாதி, துப்புரவுத் தொழிலாளி, மெஷின் திருத்துபவர், கரண்ட் பில் எல்லாம் இரண்டாவது பெட்டி. அதை எவரும் அன்பளிப்பாகத் தருவதில்லை, வருடா வருடம் பாதீட்டில்தான் வர வேண்டும். இறுக்கம் விழுவதும் அந்தப் பெட்டியில்தான். வீடு கட்டிக் குடிபூராமல் விட்டால் கறையான் ஏறும், வன்னியில் இதைப் பார்க்காதவர் யார்?

"அண்ணா கனடாவில இருந்து ஸ்கான் மெஷின் ஒண்டு வாங்கித் தாறன் எண்டுறார். சொல்லட்டோ?"

முதலில் ஆஸ்பத்திரிப் பணிப்பாளரிடம் என்ன தேவை என்று எழுத்தில் கேளுங்கள். பாவித்த மெஷின், திருத்த ஆளில்லாத மெஷின், உதிரிப்பாகம் இங்கே கிடைக்காத மெஷின் வோட் மூலையில் துணி போர்த்தி நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். சட்டைக்குள் போட்ட பிள்ளை மாதிரிப் பத்திரமாக இருக்கும், வேலை மட்டும் செய்யாது. பலமுறை உண்மையான தேவை சின்னது: மருந்துக் குளிர்சாதனப் பெட்டிக்குக் கரண்ட் நின்றுபோகாமல் ஒரு மாற்று ஏற்பாடு. ஒக்சிற்றோசின் 2 முதல் 8 பாகை செல்சியஸில் இருக்க வேண்டும், பெட்டி சூடானால் ஊசி வெறும் தண்ணீர்தான். பிறெசர் பார்க்கும் கருவி, பிள்ளையின் இதயத்துடிப்புக் கேட்கும் டொப்ளர், விடுதியில் தாயோடு நிற்பவருக்கு ஒரு மலசலகூடம். இவற்றைக் கேட்டால் அண்ணாவுக்குப் படம் எடுத்துப் போட ஒன்றுமிருக்காது, அது வேறு விஷயம்.

"பிறப்பே குறையுதாமே. வோட்டையும் குறைச்சா என்ன?"

இது படித்த ஒரு தம்பி கேட்டது, நல்ல கேள்வி. 2013இல் நாட்டில் ஏறத்தாழ 365,000 பிறப்பு, 2023இல் 250,000க்கும் கீழ். வன்னியிலும் பள்ளிக்கூடங்களின் முதலாம் வகுப்பைப் பார்த்தாலே தெரியும். கட்டில் குறைக்கலாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நான் மேலே விரல் மடித்துக் காட்டிய ஆட்களைக் குறைக்க முடியாது. ஓரிரவில் ஒரு பிரசவம் என்றாலும் ஆறு என்றாலும் தியேட்டருக்கு அதே ஆட்கள்தான். தீயணைப்பு வண்டி மாதிரி. நெருப்புப் பிடிக்காத மாதம் என்று டிரைவரை நிற்பாட்டுவதில்லையே.

பிறப்புக் குறையக் குறைய, ஒரு பிரசவத்துக்கான செலவு பைலில் கூடித் தெரியும். அதைப் பார்த்து 'இங்கே மூடி அங்கே சேர்ப்போம்' என்பார்கள். பக்கத்துப் பக்கத்து ஊர் என்றால் சேர்ப்பதில் நியாயமும் உண்டு, பழகிய கை அதிகப் பிரசவம் பார்க்கும். ஆனால் சேர்ப்பதால் மிச்சமாகும் காசை அரசு எழுதுகிறது, தாய்வீட்டார் ஓட்டோவுக்கும் கடைச் சாப்பாட்டுக்கும் கொடுக்கும் காசை எவரும் எழுதுவதில்லை. அந்தத் தம்பியிடம் இரண்டையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னேன். இன்னும் வரவில்லை.

"ஆரிட்ட முறையிடுறது? முறையிட்டா பிள்ளைக்காரியில காட்டுவினமோ?"

அந்தப் பயம் எனக்குத் தெரியும். தனியாளாக அல்லாமல் மாதர் சங்கத்தின் பெயரில் எழுதுங்கள். டொக்டர், தாதி மேல் பாய வேண்டாம், அவர்களும் இதில் அகப்பட்டவர்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஆஸ்பத்திரியின் தகவல் அலுவலரிடமோ மாகாணத் திணைக்களத்திடமோ தமிழில் கேட்கலாம். 14 வேலைநாளுக்குள் தருவதா இல்லையா என்று சொல்ல வேண்டும். ஒருவரின் உயிரோடு சம்பந்தப்பட்ட தகவல் என்றால் 48 மணித்தியாலம்.

என்ன கேட்பது என்பதில்தான் இருக்கிறது. 'ஏன் சேவை சரியில்லை' என்று கேட்டால் கட்டுரைதான் வரும். 'கடந்த ஆறு மாதத்தில் எத்தனை இரவு மயக்க மருந்து டொக்டர் இல்லாமல் இருந்தது, எத்தனை தாய்மாரை வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினீர்கள், அங்கீகரித்த மிட்வைப் பதவிகளில் எத்தனை வெற்றிடம்' என்று கேளுங்கள். பதில் இலக்கமாகத்தான் வர முடியும். அந்தக் கடதாசியை மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்துக்குப் போகும் உங்கள் எம்.பி.யின் கையில் கொடுங்கள்.

"சரி மிஸ், எனக்கு அடுத்த மாதம். பையில என்ன வைக்கட்டும்?"

கிளினிக் கொப்பி முதல். இரத்த வகை எழுதிய பக்கத்தை மடித்து அடையாளம் வையுங்கள். இரத்தம் கொடுக்கக்கூடிய இரண்டு பேரின் பெயரும் நம்பரும் பின்னட்டையில். பிள்ளைக்குத் துவாய் இரண்டு, தொப்பி, உங்களுக்குப் பழைய சீலைத்துண்டு, ஒரு போத்தல் தண்ணீர், ஃபோன் சார்ஜர், ஆயிரம் ரூபாய்த் தாள்களாகக் கொஞ்சக் காசு. தலையிடியோடு கண் மங்கினால், கை கால் முகம் வீங்கினால், பிள்ளை துடிப்புக் குறைந்தால், தண்ணீர் உடைந்தால், ஒரு சொட்டு இரத்தம் கண்டால் வலிக்குக் காத்திராமல் வெளிக்கிடுங்கள். டோர்ச் ஒன்றும் வையுங்கள், புது பற்றரி போட்டு.